நான் கொண்டுபோன இரண்டு டஜன் தம்ளர்கள்

கோடையில் இட்லி மாவு சற்று அதிகமாகப் புளித்துவிட்டால் எங்கள் சமையலறையில் ஒரு வாசனை எழும். மனைவி மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளிப்பாள். நான் மட்டும் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். புளிப்புக்கு அடியில் ஓர் இனிப்பு. அந்த இனிப்புக்கும் அடியில், தேடினால் மட்டும் கிடைக்கிற மாதிரி, அப்போதுதான் வெட்டிய பனை ஓலையின் பச்சை வாசம். ஓலை மாவில் இல்லை, எனக்குள்தான் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. உத்திரமேரூருக்கு நாலு மைல் தள்ளி ஒரு சின்ன ஏரி. ஏரிக்கரையின் கீழே பனைமரங்கள். மரங்களுக்கு நடுவே நாலு கம்பம் நட்டு ஓலை வேய்ந்த கள்ளுக்கடை. கள்ளுக்கடைகளுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்த சில வருஷங்கள் அவை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஊர் காஞ்சிபுரம். வேலை, மழை அளப்பது. இப்படிச் சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். ஆனால் அரசாங்கத்தில் அப்படி ஒரு தற்காலிக வேலை இருந்தது. மழைக்காலத்தில் மழைமானியைப் பார்த்து எழுதவேண்டும். மழை விட்டபின், ஏரி மதகின் சுவரில் கோடு போட்டிருக்கும் அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலையும் மாலையும் பார்த்து எழுதவேண்டும். உத்திரமேரூரில் ஓர் அறை, ஒரு வாடகை சைக்கிள், ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான் என் உலகம்.

மாலை அளவை எழுதி முடித்தால் ஐந்து மணி. கரையிலிருந்து இறங்கினால் கடை. இறங்காமல் போக முடியுமா?

தை பிறந்து பனைகள் சுரக்கத் தொடங்கியதிலிருந்து தினமும் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், கள்ளைவிட அந்த வெளிச்சம்தான் என்னைப் பிடித்து வைத்தது. ஏரித் தண்ணீரில் பட்டு எழும்பும் மாலை வெயில், கரையைத் தாண்டி வந்து பனைகளின் தலையில் மட்டும் நிற்கும். கீழே நாங்கள் நிழலில் இருப்போம். மேலே கிளிகள் மட்டைக்கு மட்டை தாவிக்கொண்டு, யார் எங்கே தங்குவது என்று சண்டை போடும். கீழேயும் ஏறக்குறைய அதே சண்டைதான் நடக்கும்.

எங்கே உட்காருவது என்பதற்கு அங்கே ஒரே பதில், கட்டை. எப்போதோ புயலில் விழுந்த ஒரு பனைமரம், விழுந்த இடத்திலேயே கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் முதுகு வழவழப்பாகிவிட்டிருந்தது. முதலில் வந்தவர் நடுவில். அடுத்தவர் பக்கத்தில். அதற்கு மேல் எந்தச் சட்டமும் கிடையாது.

கட்டையின் நடுவில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஊரில் நிலம் வைத்திருப்பவர். எட்டுக் காணி. நல்ல நிலம்தான், ஆனால் மேட்டில் இருந்தது. ஏரித் தண்ணீர் எல்லாருடைய வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாக, மனசில்லாமல்தான் அங்கே ஏறும். அதனால் அவரை மேட்டுக்காரர் என்பார்கள். இன்னொருவர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துப் பிரித்து விடுகிறவருக்கு அங்கே அதுதான் பெயர். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியைச் சேர்ந்தவர். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் ஊர் நிலம் முழுக்க அவருடைய மண்வெட்டி சொன்னபடிதான் நனையும்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் பார்த்துக்கொண்டால், நீர்க்கட்டி தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு "ஐயா" என்பார். மேட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். அதே இருவர் சாயங்காலம் கட்டையில் உட்கார்ந்து ஓலைப் பட்டையில் கள்ளை ஏந்தியதும், அந்த ஐயா எங்கோ கழன்று விழுந்துவிடும்.

ஒருநாள் மேட்டுக்காரர், தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஏரியே ஆவியாகப் போய்விடும் என்று புலம்பினார். நீர்க்கட்டி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"யோவ் மேட்டுக்காரரே, தண்ணிக்கு இன்னா காலா கீது, ஏறி வர்றதுக்கு? வோணும்னா உன் வயல இட்டாந்து பள்ளத்துல வச்சிக்க."

கட்டையே குலுங்கியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேட்டுக்காரர்தான்.

விளையாட்டுப் போலத்தான் இருக்கும், ஆனால் ஊரின் தண்ணீர்ப் பங்கீடு முழுக்க அந்தக் கட்டையில்தான் நடந்தது. நாளைக்கு யார் வயல், எத்தனை நாழிகை, யாருடைய பயிர் வாடுகிறது, யார் பொய் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாக முடிவாகிவிடும். ஓரமாக அடுப்பு வைத்து ஏரிமீன் வறுத்து விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். ஏரியை இப்படிப் பங்கு போடுகிறீர்களே, மீனையாவது எனக்கு விட்டு வையுங்கள் என்பாள். அவளிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. அதுவும் கடைக்குத் தவறாமல் வருகிற ஆள்தான். குடித்துவிட்டு எறிகிற ஓலைகளை அது மென்றுகொண்டே இருக்கும். ஆறு மணிக்கு மேல் அதன் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

நான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். கட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். நீர்க்கட்டி என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைப்பார். "காலுல சக்கரமா கட்டிக்கினு கீற? குந்து நைனா" என்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஈர மண்ணும் பீடியும் கலந்த வாசனை வரும்.

இந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டை என்றால் பனை ஓலையை விரித்து, இரண்டு முனைகளையும் சேர்த்து மடித்துக் கட்டிய குடலை. மரம் ஏறுகிறவர் கள் இறக்கும்போதே நாலு குருத்தோலையும் வெட்டிப் போடுவார். அவரவர் பட்டையை அவரவரே மடித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் பானையிலிருந்து ஊற்றுவார். இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் குனிந்துதான் குடிக்க முடியும். கீழே வைக்க முடியாது, வைத்தால் கொட்டிவிடும். முடித்ததும் ஆட்டுக்கு எறிய வேண்டியதுதான். அடுத்த தடவைக்குப் புது ஓலை. யாரும் யாருடைய பட்டையிலும் குடிப்பதில்லை.

எனக்குப் பட்டை மடிக்கவே வராது. எப்படி மடித்தாலும் ஒழுகும். கள் முழங்கை வழியாக வழிந்து சட்டையில் கறையாகும். இந்தக் காலத்திலும் இப்படியா என்று எனக்குள் ஒரு டவுன்காரன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

பங்குனி உத்திரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பினேன். மீன் அக்கா வழியனுப்பிய விதம் நன்றாக நினைவிருக்கிறது. "காஞ்சிபுரம் போய்ட்டு கைய வீசிக்கினு வராத. எதுனா எடுத்தா." எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அதை மனசில் வைத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதம் அந்தக் கடை எனக்குக் கொடுத்ததற்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கவேண்டும் போலிருந்தது.

என் மாமா காஞ்சிபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவரிடம் கேட்டு இரண்டு டஜன் கண்ணாடி தம்ளர் வாங்கினேன். தடித்த கண்ணாடி, அடியில் பூ வேலை. வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்கி, பஸ்ஸில் மடிமேலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவை வைக்கோலுக்குள் மெல்லக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அடைந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

முதல் நாள் திருவிழாதான். கள் வெள்ளையாக நுரைத்துக் கண்ணாடிக்குள் நிற்பதை அங்கே பலர் அப்போதுதான் பார்த்தார்கள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கடைக்காரர் என் தோளில் தட்டினார். இனி ஓலை வெட்டும் வேலை மிச்சம் என்று மரம் ஏறுகிறவர் என்னை வாழ்த்தினார். ஆடுதான் ஏமாந்துபோய் ஒவ்வொருவர் முழங்காலையும் முட்டியது.

மூன்றாம் நாள் அது நடந்தது.

மேட்டுக்காரர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார், சந்தையில் ஒரு மாட்டுத் தரகனை ஏமாற்றிய கதை. பக்கத்தில் நீர்க்கட்டி தன் தம்ளரை முடித்து நீட்டினார். மீன் அக்கா அதை வாங்கிப் பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்தாள். கடைக்காரர் அதில் ஊற்றி, அடுத்துக் கையை நீட்டிய மேட்டுக்காரரிடம் கொடுத்தார். இவ்வளவும் எல்லார் கண்ணெதிரேதான். மேட்டுக்காரர் பேசிக்கொண்டே வாங்கினார். உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனார். அங்கே அவர் கை நின்றது. ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. தம்ளரைக் கட்டையின்மேல் வைத்தார். கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஓலையாக இருந்திருந்தால் கீழே வைத்திருக்க முடியாது.

கதை முடிந்தது, யாரும் சிரிக்கவில்லை. தம்ளரில் நுரை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு குளவி வந்து விளிம்பில் உட்கார்ந்தது. நீர்க்கட்டி அந்தக் குளவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது ஐயா, வருகிறேன் என்றார்.

ஐயா. அந்தக் கட்டையில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் மேட்டுக்காரர் வீட்டிலிருந்து ஒரு பித்தளை லோட்டா கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் கையில் லோட்டா. ஒரு வாரத்துக்குள், பின்பக்கக் கம்பத்தில் ஓர் ஆணி அடிக்கப்பட்டு, அதில் ஒரு கம்பிக் கூடையில் ஆறு தம்ளர்கள் தனியாகத் தொங்கின. காலனிக்காரர்களுக்கு அது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, சண்டை வரக்கூடாது என்றுதான் தம்பி என்றார்.

அந்த ஆணியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மெயின் ரோட்டுத் தேநீர்க்கடையில் இதே மாதிரி ஓர் ஆணி, அதில் தனியாக நாலு அலுமினிய தம்ளர். தினமும் காலையில் அதற்கு எதிரே நின்றுதான் நாஷ்டாவும் டீயும் முடிப்பேன். பார்த்தும் பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் சரி. சுற்று வட்டாரம் முழுக்க எங்கெங்கோ அடித்திருந்த அந்த ஆணி, அடிக்க இடம் கிடைக்காமல் வெளியே நின்ற ஒரே இடம் அந்தக் கள்ளுக்கடை. கூடையும் வைக்கோலுமாக அதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தவன் நான்.

நீர்க்கட்டி இரண்டு நாள் வந்தார். கட்டையில் உட்காரவில்லை. மரத்தடியில் நின்றபடியே, தான் கொண்டுவந்த கொட்டாங்கச்சியில் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாளிலிருந்து வரவே இல்லை. கட்டையின் நடுவில் மேட்டுக்காரர் மட்டும் லோட்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர்ப் பேச்சு நின்றது. நாளைக்கு யார் முறை என்பதை நீர்க்கட்டி வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பதில் சுத்தமாக, சரியாக வந்தது. முறை ஒரு நாழிகைகூடப் பிசகவில்லை. கிண்டல் மட்டும் இல்லை.

ஒருநாள் மாலை மதகடியில் அவரைப் பிடித்தேன். தம்ளர் கொண்டுவந்தது என் தப்புதான் என்றேன். அவர் மதகுத் துளையில் அடைத்திருந்த செத்தையை இழுத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ஏரி அரை கோடு இறங்கிவிட்டதா, எழுதிக்கொண்டாயா என்று கேட்டார். நான் விடவில்லை. திரும்பவும் அதையே சொன்னேன். அப்போது நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

"நீ நல்லதுன்னுதான் கொண்டாந்த நைனா. அத்த வுடு. ஆனா எனக்கு ஊர்ல குந்திக்கினு இருந்த ஒரே எடம் பூட்ச்சி."

இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் செத்தையை இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம், கடை திறக்குமுன் போனேன். மீன் அக்கா மட்டும் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லா தம்ளரையும் எடுத்துப் போகிறேன் என்றேன். அவள் தலையைக்கூடத் தூக்காமல், எடுத்துக்கொண்டு போ, கழுவிக் கழுவி ஒரே பேஜாராகிவிட்டது என்றாள். ஆணியில் தொங்கியதையும் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறினேன்.

என் மனசில் ஒரு காட்சி இருந்தது. அகலமாகக் கிடக்கும் ஏரி, அதில் நான் ஒவ்வொன்றாக வீசி எறிய வேண்டும், எல்லாம் முடிந்துபோக வேண்டும். வீசினேன். வெயிலில் சுழன்று மின்னிக்கொண்டு போய் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. இரண்டு, மூன்று, நாலு. பத்தாவதை வீசும்போது மதகுப் பக்கத்திலிருந்து ஓர் அதட்டல் வந்தது. நீர்க்கட்டி கரைமேல் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"இன்னா பண்ற நீ? இன்னும் ஒரு மாசத்துல ஏரி வத்திடும். எங்க பசங்கதான் எறங்கி மீன் புடிக்கும். காலு கிழியணுமா?"

என் கையில் பதினோராவது தம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். இரண்டாம் முறையாகவும் யோசிக்காமல் ஒரு நல்லதைச் செய்திருக்கிறேன்.

அவர் மேற்கொண்டு திட்டவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டுக் கோவணத்தோடு இறங்கினார். நானும் இறங்கினேன். தண்ணீர் தொடைவரைதான். கீழே சேறு. காலால் துழாவவேண்டும், மிதிக்கக்கூடாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சேறு பால் ஏடு மாதிரி மிருதுவாக இருந்தது. அதற்குள் வழுவழுவென்று ஏதாவது தட்டினால் குனிந்து எடுப்போம். சில சமயம் தம்ளர், சில சமயம் நத்தை. தண்ணீரில் மேகம் கிடந்தது. நாங்கள் மேகத்துக்குள் கண்ணாடி தேடுவது போலிருந்தது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. நாலு கிடைத்திருந்தது.

கரைமேல் ஒரு குடை தெரிந்தது. மேட்டுக்காரர். அவருடைய நவரைப் பருவ நெல் பால் பிடிக்கிற சமயம், தண்ணீர் தப்பக்கூடாது. தினமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர் அன்று தானே வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் நீர்க்கட்டி தண்ணீரில் நின்றபடியே, ஐயாவுக்கு நாளைக் காலையில் தண்ணீர் வரும் என்றார். மேட்டுக்காரர் தலையை ஆட்டினார். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். நீர்க்கட்டி துழாவிக்கொண்டே இருந்தார். நான் சொன்னேன், ஏன் எறிந்தேன் என்பதையும் சேர்த்து.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கரையில் அடுக்கி வைத்திருந்த நாலு தம்ளரைப் பார்த்தார், சேறு வழிந்துகொண்டிருந்தது. குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் கால் வைத்தார்.

"யோவ், அங்க கால வைக்காத, பள்ளம்."

நீர்க்கட்டியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்ததும் அவரே உதட்டைக் கடித்துக்கொண்டார். மேட்டுக்காரர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். தண்ணீரில் நாங்கள் எழுப்பிய அலை போய் மதகில் தட்டுவது கேட்டது.

"பின்ன எங்கடா வைக்கட்டும்?" என்றார் மேட்டுக்காரர்.

இங்கே வை, இப்போது இடது பக்கம், அங்கே கல் இருக்கிறது, மெல்ல, என்று ஒவ்வோர் அடியாகச் சொல்லி இறக்கினார் நீர்க்கட்டி. பிறகு மூன்று பேரும் துழாவினோம். எட்டுக் காணிக்காரருக்குச் சேற்றில் தேடத் தெரியவில்லை, நத்தை நத்தையாக எடுத்தார். ஆனால் ஒன்பதாவது தம்ளர் அவர் காலில்தான் தட்டுப்பட்டது. பத்தாவது கிடைக்கவில்லை. தண்ணீர் இறங்கினால் தானே தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீர்க்கட்டி சொன்னபிறகு கரையேறினோம்.

மேட்டுக்காரர் கால் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, சாயங்காலம் வருவாயா என்று கேட்டார்.

எதில் குடிப்பது என்றார் நீர்க்கட்டி.

ஓலையில்தான்.

மரம் ஏறுகிறவர் ஓலை வெட்டி இருபது நாள் ஆகிறதே.

மேட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்ளர் கூடை என் அறைக்குப் போய்விட்டதால், அன்று சாயங்காலம் கடையில் தம்ளரும் இல்லை, ஓலையும் இல்லை. கடைக்காரர் என்னைக் கண்டபடி பேசிக்கொண்டிருந்தார். நீர்க்கட்டி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், வந்திருந்தார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அப்போது ஊர்த் தெருவுக்குள்ளிருந்து மேட்டுக்காரர் வந்தார். தோளில் ஒரு முழுப் பனை மட்டை. ஓலை தரையில் சரசரவென்று இழுபட்டு வந்தது. பின்னால் ஆளும் இல்லை. எதைத் தூக்குவதற்கும் ஆள் வைத்திருந்தவர், தெரு முழுக்கப் பார்க்க அதைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

முதலில் வாய் திறந்தவள் மீன் அக்காதான். கரண்டியை வைத்துவிட்டு, "இன்னா ஐயா, கூரை மேயப் போறீங்களா?" என்றாள்.

மேட்டுக்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தார். ஓர் ஓலையைக் கிழித்தார். அவரவர் பட்டையை அவரவர்தான் மடிக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம் என்று சொன்னேன் அல்லவா? அவர் மடித்தார். இத்தனை வருஷமாக மடித்துப் பழகிய கைதான், அன்று இரண்டு தடவை பிரித்துப் பிரித்து மடித்தது. முனை சரியாகச் சேரவில்லை. கடைக்காரர் ஊற்றினார். நிரம்பிய பட்டையை அவர் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, மரத்தடியைப் பார்த்து நீட்டினார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கீழே வைக்க வழியில்லை. ஒழுகிக்கொண்டே இருந்தது. கிளிகள்கூட அப்போது கத்தவில்லை என்று நினைக்கிறேன். இல்லை, கத்தியிருக்கும், எனக்குத்தான் கேட்டிருக்காது.

நீர்க்கட்டி வந்தார். நின்றபடியே வாங்கினார். அதற்குள் பாதி மேட்டுக்காரரின் முழங்கை வழியாகப் போய்விட்டிருந்தது. மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஓலையை ஆட்டின் பக்கம் எறிந்தார்.

"உன் வயலு மாதிரியே கீதுய்யா. தண்ணி நிக்கவே மாட்டுது."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மேட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, சிரிப்பை நிறுத்தத் தெரியாதவர் போலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீர்க்கட்டி கட்டையில் உட்கார்ந்தார்.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது முழுவதையும் சொல்லவேண்டும். நீர்க்கட்டி உட்கார்ந்தது பழைய இடத்தில் இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தினமும் வந்தார், கிண்டலும் வந்தது, தண்ணீர்ப் பேச்சும் வந்தது, லோட்டாக்கள் வீட்டுக்குத் திரும்பின. அந்த ஒரு சாண் மட்டும் அப்படியே இருந்தது. நான் அங்கிருந்தவரை அது மூடவில்லை. கம்பத்து ஆணியையும் யாரும் பிடுங்கவில்லை. மீன் அக்கா அதில் தன் கரித்துணியை மாட்டிவைத்தாள். மெயின் ரோட்டுத் தேநீர்க்கடை ஆணியில் அந்த நாலு அலுமினிய தம்ளர் தொங்கிக்கொண்டேதான் இருந்தன. மறுநாளிலிருந்து நான் அங்கே டீ குடிப்பதை நிறுத்தினேன். அதனால் அந்த ஆணிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

வைகாசியில் ஏரி வற்றியது. அளப்பதற்குத் தண்ணீர் இல்லாதபோது என் வேலையும் முடிந்தது. சில வருஷத்தில் கள்ளுக்கடைகளையும் மூடிவிட்டார்கள். அந்தக் கட்டையைக் கரையான் தின்றிருக்கும். அந்தப் பக்கம் போகவேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன், பாதி வழியில் கால் வேறு பக்கம் திரும்பிவிடும். இன்றைக்கும் யாருக்காவது ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று மனசு துள்ளும்போது, முதலில் அங்கே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன். அடியில் பூ வேலை செய்த ஒரு கண்ணாடி தம்ளர் என் அலமாரியில் இருக்கிறது. அதில் யாரும் குடிப்பதில்லை.

அது என்னிடம் வந்தது நான் கிளம்பிய நாளில். ரோட்டோரப் புளியமரத்தடியில் பெட்டியோடு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வரப்பு வழியாக நீர்க்கட்டி வந்தார். கையில் ஓலையில் சுற்றிய ஒன்று. பிரித்தால், சேறு காய்ந்த தம்ளர். பத்தாவது. ஏரிப் படுகையில் வாய் மேலே பார்த்தபடி கிடந்ததாம், அதற்குள் ஒரு கெண்டைக்குஞ்சு இருந்ததாம், அதைக் குட்டையில் விட்டுவிட்டு எடுத்துவந்தேன் என்றார். பஸ் வந்தது. பெட்டியை அவரே தூக்கி மேலே வைத்தார். கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நாலு அடி கூடவே நடந்தார். அப்போது சொன்னார்:

"அடுத்த தபா கைய வீசிக்கினு வா, நைனா."